பாளையங்கோட்டையில் பழைய கேசட்டுகளை மீட்டுத் தரும் கடை

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்புறம் உள்ள ஒரு சிறிய கடையில், பழைய வீடியோ கேசட்டுகளிலும் விசிடி எனும் வீடியோ குறுந்தட்டுகளிலும் இருக்கும் படங்களைக் கணினிக் கோப்புகளாக மாற்றித் தருகிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொக்கிரகுளத்து வீட்டில் நனைந்துபோன எங்கள் சேகரிப்பை அவர்களிடம்தான் ஒப்படைத்தோம். வேலை மிக நன்றாக அமைந்தது.

எந்த வடிவம் எப்படி உருவானது, எங்கே பழுதாகும் என்பதை அறிந்து கையாளுகிறார்கள் என்பதே இக்கடையின் தனிச்சிறப்பு. 1976இல் ஜேவிசி கொண்டுவந்த விஎச்எஸ் என்ற வீடியோ கேசட் வடிவம், அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்ட சோனியின் போட்டி வடிவமான பீட்டாமேக்ஸை வென்றதற்கு, ஒரே கேசட்டில் கூடுதல் நேரம் பதிய முடிந்தது ஒரு முக்கியக் காரணம். கல்யாண வீடுகளிலும் கோயில் கொடைகளிலும் டெக் (கேசட்டை ஓட்டும் விசிஆர் கருவி) வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்ட நம் ஊர்க்காரர்களுக்கு, முழுத் தமிழ்ப் படமும் மூன்று மணி நேரக் கேசட் ஒன்றில் அடங்கியது எவ்வளவு பெரிய வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த அரை அங்குல நாடாவில் சேறு படிந்திருக்கும்போது டெக்கில் ஓட்டினால், நாடாவைப் படிக்கும் ஹெட் கெடுவதோடு நாடாவின் காந்தப் பூச்சும் உரிந்துபோகும். ஆகவே கேசட்டின் கூட்டைக் கழற்றி, நாடாவை வாலை வடிநீரில் அலசி, வெயில் படாமல் உலர்த்தி, வேறு கூட்டுக்கு மாற்றிய பிறகே அவர்கள் ஓட்டினார்கள்.

1993இல் வந்த விசிடியின் கதை வேறு. ஒரு தட்டில் ஏறத்தாழ 74 நிமிடமே கொள்ளும் என்பதால், நம் படங்கள் இரண்டு மூன்று தட்டுகளாக வந்தன. எல்லோரும் தட்டின் அடிப்பக்கக் கீறலுக்கே அஞ்சுகிறோம்; பதிவு அடுக்கோ படம் அச்சிட்ட மேற்பக்கத்துப் பூச்சுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. டிவிடியில் அது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரு தகடுகளுக்கு நடுவே பாதுகாப்பாக உள்ளது. கடைக்காரர் ஒவ்வொரு விசிடியையும் விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, பூச்சு உரிந்து வெளிச்சம் ஊடுருவியவற்றை மீட்க இயலாது என்று பணம் வாங்காமலே திருப்பித் தந்தார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

படத்தை "அழகுபடுத்தாமல்" விட்டதற்கும் நன்றி சொல்ல வேண்டும். விஎச்எஸ்ஸில் கிடைமட்டத் தெளிவு ஏறக்குறைய 240 கோடுகள்தான். அதைச் செயற்கையாகக் கூர்மையாக்கினால் முகங்கள் மெழுகுப் பொம்மைகள் போலாகிவிடும். அகலம் நான்குக்கு உயரம் மூன்று என்ற பழைய திரை அளவை அகலத்திரைக்காக இழுக்கவோ தலையையும் காலையும் வெட்டவோ இல்லை. விலைக்கு வந்த திரைப்படங்களை, கேசட் வைத்திருப்பவரின் சொந்தப் பயன்பாட்டுக்கு ஒரேயொரு பிரதி மட்டுமே எடுத்துத் தருகிறார்கள். மற்றவர் கேட்டால் மறுத்துவிடுகிறார்கள்.

குறை ஒன்று உண்டு. கேட்காவிட்டால், அளவு சுருக்கிய எம்பி4 கோப்பை மட்டுமே பென் டிரைவில் போட்டுத் தருகிறார்கள். சுருக்காத மூலக் கோப்பையும் சேர்த்துத் தருமாறு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; இடம் அதிகம் பிடிக்கும் என்பதால் ஹார்டு டிஸ்க் ஒன்றை நாமே கொண்டுபோவது நல்லது. தாமதமும் ஆகும். விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டதால், பழைய டெக்குகளைப் பிரித்தே உதிரிப் பாகங்கள் எடுக்க வேண்டியிருக்கிறது. கட்டணத்தை உறையில் எழுதியிருக்கும் நேரத்துக்கல்லாமல், கேசட் உண்மையில் ஓடிய நேரத்துக்கே கணக்கிடுகிறார்கள்.