குழந்தை நடிகர்களுக்கு ஹெட்ஷாட்: போனா, போட்டோ ஸ்டுடியோவா, ஸ்பெஷலிஸ்டா?

பிள்ளைய நடிக்க அனுப்பலாம்னு முடிவு பண்ண உடனே முதல்ல வர்ற குழப்பம் ஹெட்ஷாட்டுக்கு, அதாவது நடிக்க வாய்ப்பு கேட்டு அனுப்புற முகப் படத்துக்கு, யார்கிட்ட போறதுங்கறதுதான். போன்ல நாமளே எடுக்கலாம், பிறந்தநாள் படம் குடும்பப் படம் எடுக்கிற போட்டோகிராபர்கிட்ட போலாம், இல்ல நடிகர்களுக்குன்னே எடுக்கிற ஆள்கிட்ட போலாம். எல்லாரும் கேமராவையும் காசையும் வச்சுத்தான் கம்பேர் பண்றாங்க. நான் முதல்ல பாக்கிறது பிள்ளையோட மூஞ்சி எவ்ளோ வேகமா மாறிட்டிருக்குங்கறத. ஆடிஷனுக்கு உள்ள வர்ற பிள்ளை போட்டோல இருக்கிற பிள்ளை மாதிரியே இருக்கணும், ஹெட்ஷாட்டுக்கு இருக்கிற வேலையே அதுதான்.

அஞ்சு வயசுக்குக் கீழன்னா யோசிக்கவே வேணாம், போன் போதும். அந்த வயசுல நாலஞ்சு மாசத்துல ஆளே மாறிடும், காஸ்டிங் பண்றவங்களுக்கும், அதாவது நடிக்க ஆள் தேர்ந்தெடுக்கிறவங்களுக்கும், அது தெரியும், அதனால சின்னக் குழந்தைங்களுக்குத் தெளிவான சாதாரண படமே போதும்னு பெரும்பாலும் ஏத்துக்குவாங்க. ஆனா போன்ல எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, மூஞ்சிக்குக் கிட்ட போய் எடுக்கிறது. கிட்ட போனா மூக்கு பெருசாத் தெரியும், காது பின்னாடி போயிடும், முகமே வேற ஷேப் ஆயிடும். ரெண்டு மீட்டர் தள்ளி நில்லுங்க, போன்ல தூரத்துல இருக்கிறத கிட்ட காட்டுற டெலி லென்ஸ் தனியா இருந்தா அத போடுங்க, இல்லன்னா தள்ளி நின்னு எடுத்துட்டு அப்புறமா க்ராப் பண்ணிக்கலாம். நேர் வெயில் படாத ஜன்னல் பக்கமா முகத்த திருப்பி உக்கார வைங்க, ரூம் லைட்ட அணைச்சிடுங்க, இல்லன்னா ஒரு கன்னம் மஞ்சளா ஒரு கன்னம் நீலமா வரும். ப்யூட்டி ஃபில்டர் கண்டிப்பா ஆஃப். போர்ட்ரெய்ட் மோடும் வேணாம்னுதான் சொல்வேன், பேக்ரவுண்ட மங்கலாக்கறேன்னு காதோரத்து முடியெல்லாம் சேத்து அழிச்சு விட்டுடும்.

சரி, குடும்பப் படம் எடுக்கிற போட்டோகிராபர். இவங்க மேல எனக்கு ரெண்டு மனசு. பிள்ளைங்கள சமாளிக்கிறதுல இவங்கள அடிச்சுக்க ஆளில்ல, அழுதிட்டிருக்கிற குழந்தைய ரெண்டு நிமிஷத்துல சிரிக்க வச்சிடுவாங்க. பிரச்சனை என்னன்னா இவங்க எடுக்கிறது நம்ம வீட்டுச் சுவத்துக்கான படம். பொம்மை, தொப்பி, பூக்கூடை, தலைய சாய்ச்சு கன்னத்துல கை வச்ச போஸ், எல்லாம் அழகாத்தான் இருக்கும், பாட்டிக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா காஸ்டிங் பண்றவர் ஸ்க்ரீன்ல அது ஸ்டாம்ப் சைஸ்ல நூறு படத்துக்கு நடுவுல ஒண்ணா வரும்போது கண்ணே தெரியாது. ரீடச் இன்னொரு தலைவலி. தழும்ப எடுத்துடுவாங்க, மச்சத்த எடுத்துடுவாங்க, ஸ்கின்ன வழுவழுன்னு ஆக்கிடுவாங்க. மூக்கு ஒழுகின தடம், நேத்து விழுந்த சிராய்ப்பு, இதெல்லாம் எடுக்கலாம், ஏன்னா அது ஒரு வாரத்துல தானா போயிடும். மச்சம் கூடவே இருக்கிறது, அதுல கை வைக்கக் கூடாது. இவங்ககிட்ட போறீங்கன்னா முன்னாடியே தெளிவா சொல்லிடுங்க: தோளுக்கு மேல மட்டும், பேக்ரவுண்ட் சிம்பிளா, கண்ணு நேரா கேமராவுக்கு, கையில எதுவும் வேணாம்.

இந்தப் பல்லு விஷயத்த யாரும் முன்கூட்டி சொல்றதில்ல. சுமாரா ஆறு, ஏழு வயசுல முன்பல்லு விழும், எட்டு வாக்குலதான் மேல் பல்லு புதுசா முளைச்சு ஒரு மாதிரி செட்டாகும். விழுறதுக்கு மொத வாரம் பெரிய செலவு பண்ணி சிரிச்ச படம் எடுத்தீங்கன்னா அது அப்பவே பழசு. அதனால இந்தக் கட்டத்துலயும் நான் போன் பக்கம்தான், பல்லு விழுந்த அன்னைக்கே புதுசா ஒண்ணு எடுத்து மாத்திடலாம். ஓட்டப்பல்லு சிரிப்புக்குன்னே தேடுற விளம்பரமும் வரும், மறைக்க வேணாம்.

பல்லு செட்டானதுக்கு அப்புறம், ஒம்பது பத்து வயசுலேர்ந்து, ஸ்பெஷலிஸ்டுக்குக் குடுக்கிற காசுக்கு அர்த்தம் இருக்கு. டீன் ஏஜ்ல இன்னும் அதிகம். அங்க வாங்குறது லைட்டும் லென்ஸும் மட்டும் கிடையாது, பிள்ளைகிட்ட பேசிப் பேசியே நிஜமான முகத்த வெளிய கொண்டு வர்ற தெறமைக்குத்தான் காசு. விளம்பரத்துக்கு ஒரு சிரிச்ச படம், கதைப் படத்துக்கு அமைதியா கண்ணால பேசுற ஒண்ணுன்னு ரெண்டு விதமும் ஒரே செஷன்ல கிடைக்கும். ஆள செலக்ட் பண்ணும்போது அவர் எடுத்த பெரியவங்க படத்தப் பாத்து மயங்காதீங்க, உங்க பிள்ளை வயசுப் பிள்ளைங்கள எடுத்திருக்காரான்னு பாருங்க, அதுல எல்லாப் பிள்ளையும் ஒரே சிரிப்பு சிரிச்சா வேற ஆள தேடுங்க. பிரிண்ட் கேப்பாங்களான்னும் விசாரிங்க, 8க்கு 10 இஞ்சுக்கு 300 டிபிஐ, அதாவது ஒரு இஞ்சுக்கு 300 புள்ளின்னா 2400க்கு 3000 பிக்சல் வேணும், அந்த சைஸ் ஃபைல் உங்க கைக்கு வரணும்.

யார்கிட்ட போனாலும் டிரஸ் ஒரே கலர்ல, எழுத்து லோகோ படம் எதுவும் இல்லாம. மேக்கப் வேணாம். தூங்கி எழுந்து சாப்ட்ட நேரமா பாத்து போங்க, முக்கியமா அப்பா அம்மா கேமராவுக்குப் பின்னாடி நின்னு "சிரி சிரி"ன்னு கத்தாதீங்க, பிள்ளை கண்ணு லென்ஸ விட்டு உங்க பக்கம் ஓடிடும், வர்றதும் பயந்த சிரிப்பாத்தான் இருக்கும்.

நாலாவதா ஒரு வழியும் உங்க முன்னாடி வைப்பாங்க: ஏஜென்சியே "எங்க போட்டோகிராபர்கிட்டதான் எடுக்கணும், மொதல்ல பேக்கேஜ் காசு கட்டுங்க"ன்னு சொல்றது. இத மத்த மூணோட நான் கம்பேரே பண்ண மாட்டேன். ஒழுங்கான ஏஜென்ட் பிள்ளைக்கு வேலை வாங்கிக் குடுத்து அதுல கமிஷன் எடுப்பார். போட்டோகிராபர் லிஸ்ட் ஒண்ணு குடுத்து இதுல யார வேணா பாருங்கன்னா அது சரி. ஒரே பேரு, இன்னைக்கே காசு, இல்லன்னா சான்ஸ் போயிடும்னு அவசரப்படுத்தினா பைய எடுத்துக்கிட்டு பிள்ளையக் கூட்டிட்டுக் கிளம்பிடுங்க.