கிராண்ட் கன்யனா, அப்புத்தளைப் பாறையா?

மழை பிடித்துவிட்டால் இலங்கையின் ஊவா மாகாணத்தில் பிள்ளைகளைப் பாறை பார்க்க வெளியே அழைத்துப்போக முடியாது. மண்சரிவு எச்சரிக்கை வந்த வாரத்தில் எந்தத் தாய் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திடுவார்? அதனால் வகுப்பிலிருந்தே திரையில் இடங்களைச் சுற்றிப்பார்க்கும் மெய்நிகர் களப்பயணம் எங்கள் தோட்டப் பாடசாலைகளுக்கு அவசியமான ஒன்று. எதைக் காட்டுவது என்பதில்தான் தெரிவு இருக்கிறது.

ஆயத்தமாகக் கிடைக்கும் 360 பாகைப் பயணங்களைத் தேடினால் அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் சீக்கிரமே வந்து நிற்கும். படம் அபாரம், வகுப்பே வாயடைத்துப் பார்க்கும். ஆனால் அந்தச் சுவரில் தெரிவது பெரும்பாலும் அடையற் பாறை, அதாவது மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய கல். கீழே பழையது, மேலே புதியது. அதைப் பார்த்த தரம் 10 மாணவி ஒருத்தி, மறுநாள் அப்புத்தளை வீதியோரப் பாறையில் கறுப்பும் வெள்ளையுமாக ஓடும் பட்டைகளைக் காட்டி, "சேர், அடியில் இருக்கிறதுதானே பழையது?" என்று கேட்டாள்.

அவளிடம் பிழையில்லை. நான் காட்டிய படம்தான் பொருந்தாதது. மலையகத்தின் கல் உருமாறிய பாறை. 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், 20 கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தில் வெந்து நெரிபட்டது. கரிய மைக்கா ஒருபக்கம், வெளிறிய குவாட்சும் பெல்ஸ்பாரும் மறுபக்கம் என்று பிரிந்து உண்டானவையே அந்தப் பட்டைகள்; இப்படிப் பட்டை ஓடிய உருமாறிய பாறைக்கு நைஸ் என்று பெயர். அவற்றை அடுக்கு அடுக்காக எண்ணி வயது சொல்ல முடியாது. கிராண்ட் கன்யனைக் காட்டியே ஆகவேண்டுமென்றால் பள்ளத்தாக்கின் அடிக்குப் போங்கள். அங்கே ஏறத்தாழ 170 கோடி ஆண்டுப் பழைமையான விஷ்ணு சிஸ்ட் என்ற உருமாறிய பாறை இருக்கிறது. நம் மலைக்கு உறவு அதுதான்.

ஆயத்தப் பயணங்களில் இன்னொரு குறை, அவை நம் கையில் இல்லை என்பது. பல நாட்டு ஆசிரியர்கள் நம்பியிருந்த கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் என்ற மெய்நிகர் பயணச் செயலி 2021 ஜூனில் நிறுத்தப்பட்டது.

கூகுள் எர்த் வேறு விதம். ஒரு மடிக்கணினியும் புரொஜெக்டரும் போதும். சுமார் 1,400 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையிலிருந்து தெற்கே கோடு இழுத்து உயர வரைபடத்தைத் திறந்தால் கோடு சரேலென விழும். தினமும் அந்த விளிம்பில் நின்று கீழே பார்க்கும் பிள்ளைகளே வியக்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் சரிந்த மலைப்பக்கத்தையும் பழைய செய்மதிப் படங்களோடு ஒப்பிடலாம். அங்கே உறவை இழந்த பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரிப்பேன். இருந்தால் அதைத் திறப்பதில்லை. நிலத்தின் வடிவத்துக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. ஆனால் தேயிலைக்கு அடியில் கிடக்கும் கல் செய்மதிக்குத் தெரியாதே!

அந்தக் கல்லுக்காகத்தான், வெயில் நாளில் ஆசிரியரே கைபேசியில் எடுக்கும் காணொளியை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். ஆட்டம் இருக்கும், காற்றின் இரைச்சல் இருக்கும். இருந்தாலும், "இது எங்கள் லயத்துக்கு மேலே உள்ள வளைவுதானே!" என்று பின்வரிசையில் ஒருவன் எழுந்து நிற்பான். அங்கே உடைந்து கிடந்த துண்டொன்றை வகுப்பில் கைமாற்றிவிட்டால், அதிலுள்ள மிளகளவு சிவப்புப் புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். அந்தப் புள்ளி கார்னெட் என்ற கனிமம், சுரண்ட வராது. நகத்தைவிடக் கடினம் என்பதைத் திரையால் உணர்த்த முடியாது.

படம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: சரிவின் அடியில் நிற்காமல் வீதியின் மறுபக்கத்திலிருந்தே முழுப் பாறையையும் எடுங்கள். பட்டைகளைக் கிட்டத்தில் காட்ட, தனியாகக் கிடக்கும் கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அளவு தெரிய ஐந்து ரூபாய் நாணயத்தை அதன்மேல் வையுங்கள். ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டுபோங்கள். தூசி கழுவுண்டு கல் நனைந்ததும் பட்டைகள் பளிச்சென்று எழும்.