எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ரத்த உறைவு டெஸ்ட் தேவையா?

ரத்தம் எளிதில் உறைகிற உடம்பு என்றால் நஞ்சுக்கொடியில் அடைப்பு வந்து கரு கலையலாம். அப்படியானால் சுகர், தைராய்டு மாதிரி இதையும் ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் பார்த்துவிட்டால் என்ன? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் லேபில் ஒரே பேக்கேஜாகக் கட்டித் தரும் இந்த டெஸ்டுகளுக்குள் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று பிறவியிலேயே மரபணுவில் வருவது. இன்னொன்று இடையில் உடம்பே தனக்கு எதிராக உண்டாக்கும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம்.

மரபணு வகையில் பெயர்பெற்றது ஃபேக்டர் ஃபைவ் லைடன். 1994-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் அடையாளம் கண்டார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்குச் சுமார் 5 பேருக்கு உண்டு. நம் பக்கம் அபூர்வம். இருப்பவர்களிலும் பெரும்பாலோர் எந்தச் சிக்கலும் இல்லாமல் பிள்ளை பெறுகிறார்கள்.

சரி, இருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வது? ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசிதான். அது உதவுகிறதா என்று பார்த்த அலைஃப்2 ஆய்வு 2023-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இரண்டோ அதற்கு மேலோ கரு கலைந்த, இந்த மரபணுக் கோளாறுகள் உள்ள 326 பெண்கள். ஊசி போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, போடாதவர்களில் 71. தினமும் வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துக் குத்திக்கொண்டு, தொப்புளைச் சுற்றி நீலம் பாரித்துக் கிடந்ததற்குப் பலன் இவ்வளவுதான். பேக்கேஜில் உள்ள புரோட்டீன் எஸ், ரத்தம் அளவுமீறி உறையாமல் பார்த்துக்கொள்ளும் புரதம், இன்னும் வேடிக்கை: கர்ப்பத்தில் அது எல்லோருக்கும் இயல்பாகவே குறையும். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் ‘குறைவு’ என்று வரும், வீடே கலங்கிப்போகும்.

இரண்டாவது வகையான ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி கதை வேறு. இது உறைய வைப்பதோடு நிற்பதில்லை, நஞ்சுக்கொடி வேர்பிடிப்பதையே கெடுக்கும். இதற்கு மருந்தும் உண்டு. 1997-ல் லண்டனில் 90 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்குக் குழந்தை தங்கியது. ஹெப்பாரினும் சேர்ந்தபோது 71 சதவீதம். சின்ன ஆய்வுதான், பின்னால் வந்த எல்லா ஆய்வும் இதே அளவு பலனைக் காட்டவில்லை. ஆனாலும் இன்றைய சிகிச்சை இதே வழியில்தான் போகிறது.

அப்படியானால் இதையாவது எல்லோருக்கும் பார்க்கலாமா? அதுவும் வேண்டாம். பிரச்சினையே இல்லாத பெண்களிலும் நூற்றுக்கு இரண்டு பேரிடம் இந்த ஆன்டிபாடி தென்படும். ஒரு காய்ச்சல் வந்து போன பிறகும் தலைகாட்டிவிட்டு மறையும். அதனால்தான் 12 வாரம் இடைவெளி விட்டு இரண்டாம் முறை பார்க்கச் சொல்கிறார்கள். ஒரே ரிப்போர்ட்டை வைத்து நோய்ப் பெயர் சூட்டுவது தவறு.

என் கணக்கில், முதல் கர்ப்பம், குறிப்பிடும்படி முன்கதை இல்லை என்றால் இரண்டுமே தேவையில்லை. இரண்டு முறை கலைந்தாலோ, பத்து வாரம் தாண்டி நன்றாக வளர்ந்த கரு போனாலோ ஆன்டிபாடி டெஸ்ட் அவசியம். இந்த ஆன்டிபாடிகளில் ஒரு வகையான லூபஸ் ஆன்டிகோயாகுலன்டுக்கான டெஸ்டும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள், ஹெப்பாரின் தொடங்கும் முன்பே ரத்தம் கொடுங்கள். மரபணு பேனலுக்கான பணம் மிச்சம்.

காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்கள், நெருங்கிய உறவில் அப்படி நடந்தவர்கள் விஷயம் தனி. அங்கே மரபணு டெஸ்ட் தாயின் உயிருக்காக. ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். எதற்காக எழுதினார் என்று டாக்டரிடமே கேளுங்கள்.