பிரின்டர் சரி, அதைச் சுற்றிக் கட்டியதுதான் சரியில்லை

மெய்ப்புத் திருத்துவது என் வேலை. மாதம் 500 பக்கமாவது அச்செடுப்பேன். திரையில் கண்ணுக்குத் தப்பும் பிழை தாளில் மாட்டிக்கொள்ளும். அதற்காக வாங்கிய கறுப்பு வெள்ளை லேசர் பிரின்டருக்கு இப்போது ஆறு மாதம். எழுத்து கூர்மையாக விழுகிறது, தாள் சிக்குவதில்லை. வைஃபை மட்டும் வாரம் ஒருமுறை முரண்டு பிடிக்கும். அவ்வளவுதான், இயந்திரத்தைப் பற்றி வேறு குறை இல்லை.

வாங்கிய கதை வேறு. "ஆபீஸ் பேக்கேஜ் மேடம், பிரிச்சுத் தர முடியாது" என்றார் விற்பனையாளர். பிரின்டர், வீட்டுக்கு வந்து பொருத்தித் தருவது, இரண்டு வருடக் கூடுதல் வாரண்டி, போட்டோ எடிட்டிங் மென்பொருளுக்கு ஒரு வருடச் சந்தா. தனித்தனியாக வாங்கினால் எவ்வளவு அதிகம் என்று கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார். கணக்கு சரிதான், நான்கும் எனக்கு வேண்டும் என்றால்!

விலை போகாததை விலை போவதோடு சேர்த்துத் தலையில் கட்டுவது பழைய வித்தை. 'காசாபிளாங்கா' வேண்டுமா, 'கொரில்லா மேன்' படத்தையும் வாங்கு என்று தொலைக்காட்சி நிலையங்களிடம் விநியோகஸ்தர்கள் கேட்ட வழக்கு, 1962-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு விநியோகஸ்தர்களுக்கு எதிராக வந்தது. என் 'கொரில்லா மேன்' அந்த போட்டோ மென்பொருள்.

நான்கையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொன்னேன். பொருத்துவதும் மென்பொருளும் வேண்டாம், பதிலுக்கு முழு டோனர் (மைத்தூள் நிரப்பிய டப்பா) ஒன்று வேண்டும்; பழுதானால் மாற்று பிரின்டர் தருவதாக இருந்தால் வாரண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். டோனரை மட்டும் முதலில் பேசி முடிக்கப் பார்த்தார். அதற்கு நான் ஒப்பவில்லை. ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் விட்டுக்கொடுத்து வாங்கக் கையில் ஒன்றும் இருக்காது. மேலாளரிடம் போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தார். டோனர் கிடைத்தது. மாற்று பிரின்டருக்குச் சம்மதிக்கவில்லை, நானும் வாரண்டியை விட்டுவிட்டேன்.

அப்புறம் அட்டைப்பெட்டி. முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு '3,000 பக்கங்கள்'. அடிப்பக்கம், பார்கோடுக்குக் கீழே, எறும்பு எழுத்தில்: இது தனியாக விற்கப்படும் டோனருக்கு. உள்ளே இருப்பது 700 பக்க ஆரம்ப டோனர். அந்த 'பக்கம்' என்பதும், ஒரு டோனர் எத்தனை பக்கம் வரும் என்று அளப்பதற்கான ஐஎஸ்ஓ 19752 என்ற சர்வதேசத் தரநிலையின் சோதனைத் தாள். அதில் மை படுவது சுமார் 5 சதவீத இடத்தில்தான். அடிக்குறிப்பு நெருக்கமாக உள்ள என் மெய்ப்புகளுக்கு 540-இலேயே எழுத்து மங்கிவிட்டது. படத்தில் பிரின்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே அழகாக வளைந்து கிடந்த யுஎஸ்பி கேபிளும் பெட்டிக்குள் இல்லை. ஆனால் உள்ளே தெர்மோகோல் வைக்காமல் காகிதக்கூழ் அச்சு வைத்திருந்தார்கள், அது பிடித்தது.

பிரின்டருக்கு நான்கு நட்சத்திரம், பெட்டிக்கு ஒன்றரை. வாங்கப் போனால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் படித்துவிட்டு, டோனரைப் பற்றி முதலில் கேளுங்கள்.