ஆன்லைன் ஏலத்தில் ஆள் வைத்து விலை ஏற்றுகிறார்கள், கவனம்

பழைய நாணயம், தபால்தலை என்று ஆன்லைன் ஏலத்தில் எடுக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த பிட்டைப் (ஏலத்தில் நாம் கேட்கும் விலை) போடுங்கள்.

சென்ற மாதம் ஒரு ஏலத் தளத்தில் தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் நான்கு காசு நாணயம் ஒன்று வந்தது. மகுடத்தின் கீழ் டென்மார்க் மன்னர் ஆறாம் ஃபிரெடெரிக்கின் பெயரெழுத்து தேயாமல், கோடு கோடாகத் தெரிந்தது. விலை 450 ரூபாயில் நின்றது. 3,500 வரை போகலாம் என்று அதை மேக்ஸ் பிட்டாகப் போட்டு வைத்தேன்.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த 3,500 யாருக்கும் தெரியாது. தளமே நமக்காக ஏலம் கேட்கும். எதிராளி கேட்டதற்கு மேல் ஒரு படிதான் ஏற்றும். மற்றவர்கள் ஆயிரத்தோடு நின்றுவிட்டால் நமக்கு 1,100க்கே கிடைத்துவிடும். இதுதான் பிராக்ஸி பிட். முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, விற்கிறவர் யோக்கியமாக இருந்தால்.

அன்று ராத்திரி ஒரு கணக்கு உள்ளே வந்தது. பெயரில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தவிர மற்றதெல்லாம் நட்சத்திரம். 1,000, 1,500, 2,000 என்று மடமடவென ஏற்றிக்கொண்டே போய் 4,000 போட்டதும் என்னைத் தாண்டியது. விலை 3,600 என்று காட்டியது. ஒரு படி நூறு ரூபாய் என்பதால் என் உச்சம் 3,500 என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. காலையில் பார்த்தால், ‘தொகையைத் தவறாக டைப் செய்துவிட்டேன்’ என்று காரணம் சொல்லி அவன் பிட் எல்லாம் வாபஸ். விலை பழையபடி 450. ஏலம் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது இன்னொரு நட்சத்திரக் கணக்கு வந்து ஒரே தடவை கேட்டது: சரியாக 3,400. காசு எனக்குத்தான் வந்தது, முழு 3,500க்கு.

யார் எப்போது எவ்வளவு கேட்டார்கள் என்று காட்டும் பிட் ஹிஸ்டரியைத் தோண்டினேன். இரண்டு கணக்குகளும் இந்த ஒரே விற்பனையாளரின் பொருட்களுக்குத்தான் கேட்டிருக்கின்றன. தளத்துக்குப் புகார் அனுப்பினால், ‘நீங்கள் சம்மதித்த தொகைக்குள்தானே முடிந்திருக்கிறது’ என்று பதில். கணக்குப்படி சரிதான், என்ன செய்ய!

கடைசி நொடியில் கேட்கும் ஸ்னைப்பர்களை நம் ஆட்கள் நிறையத் திட்டுவார்கள். ஆனால் இப்படி உச்சத்தை நோண்டிப் பார்க்கிறவனுக்கு நேரமே கொடுக்காத வழி அதுதான். அதுவும் எல்லா இடத்திலும் பலிக்காது. பொருளாதார அறிஞர்கள் ஆல்வின் ராத், ஆக்ஸல் ஆக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002ல் வெளியிட்ட ஆய்வில் ஈபேயையும் அமேசான் அப்போது நடத்திய ஏலத்தையும் ஒப்பிட்டார்கள். ஈபேயில் நேரம் முடிந்தால் முடிந்ததுதான். அமேசானில் கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் நீளும். கடைசி நேரக் கூட்டம் ஈபேயில்தான் அதிகம். ஆகவே உங்கள் தளத்தில் நேரம் நீளுமா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், ‘ஜெயித்தவர் பணம் கட்டவில்லை, உங்கள் உச்ச விலைக்கே தருகிறேன்’ என்று செய்தி வந்தால் உடனே சரி என்று சொல்லாதீர்கள். ஏற்றிவிட்ட ஆள் தவறிப்போய் ஜெயித்துவிட்டாலும் இதே செய்திதான் வரும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிவு செய்திருக்கிறேன். இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் பிட் ஹிஸ்டரியை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு தேடினால் அந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது.