ஜே.ஜே. கேல்: குரலைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால்தான் என்ன?

‘இந்த ஆள் பாட்டைப் போட்டால் கொட்டாவிதான் வருகிறது, கிளாப்டன் பாடினதே போதாதா?’ என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கேல் ஓர் அமெரிக்கப் பாடகர், கிடாரிஸ்ட்; அவர் எழுதிய பாட்டுகளை எடுத்துப் பாடி ஊரறியச் செய்தவர் ஆங்கிலேய கிடாரிஸ்ட் எரிக் கிளாப்டன். கேலின் ரிக்கார்டுகளோடு இவ்வளவு காலம் புழங்கியும் எனக்கே ஓர் எரிச்சல் தீரவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் கொட்டாவிக்குக் காரணம், அவர் நினைப்பதுபோல் பாட்டு மெதுவாகப் போவது அல்ல.

முதலில் வேகம். ‘ஆஃப்டர் மிட்நைட்’ பாட்டை கேல் 1966-இல் சிங்கிளாக (ஆல்பம் இல்லாமல் தனிப்பாட்டாக) வெளியிட்டபோது அது விறுவிறுவென்றுதான் ஓடியது. 1970-இல் எரிக் கிளாப்டன் எடுத்துப் பாடியதும் அந்த வேகத்தில்தான். அது ஹிட்டான பிறகு, 1971-இல் வந்த ‘நேச்சுரலி’ ஆல்பத்தில் கேல் அதே பாட்டை நிதானமாக்கி மறுபடி பாடினார். வேகம் தெரியாமல் மெதுவாக வாசித்தவர் இல்லை.

இன்னொன்று, மெதுவாக வாசிப்பது வேறு, தாளத்துக்குப் பின்னால் சாய்ந்து வாசிப்பது வேறு. ‘நேச்சுரலி’யின் முதல் பாட்டு ‘கால் மீ தி ப்ரீஸ்’. சாதாரண பன்னிரண்டு பார் ப்ளூஸ், அதாவது பன்னிரண்டு தாளச் சுற்றில் திரும்பத் திரும்ப வரும் ப்ளூஸ் அமைப்பு. கீழே டிரம்ஸ் வாசிக்க ஆளே இல்லை, ரிதம் பாக்ஸ் என்கிற ஒரு தாள மெஷின் டிக் டிக்கென்று ஓடுகிறது. ‘தகர டப்பா’ என்று திட்டுகிறவர்கள் நிறைய. எனக்கு அந்த டப்பாதான் பாட்டின் உயிர். மெஷின் அசையாது. கிடாரும் குரலும் அதற்கு ஒரு இம்மி பிந்தி வந்து விழும். அந்த இடைவெளி காதில் தெளிவாகத் தெரிவது எதிரே இருப்பது மெஷின் என்பதால்தான். டிரம்மரும் சேர்ந்து பிந்தினால் ருசி வராது, டெம்போ மட்டும் தொங்கிப்போகும். கேல் பாட்டை மேடையில் வாசிக்கிற பாதிக் குழுக்கள் கவிழ்வது இங்கேதான்.

கூடவே வாசித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நாலு அடிக்கும் வைக்காமல், இரண்டாம், நாலாம் அடிக்கு மட்டும் விழுகிற மாதிரி பாதி வேகத்தில் வையுங்கள். ஆம்ப்பில் கெயின் குறைவாக, ஓவர்டிரைவ் என்கிற கரகரப்பு இல்லாமல். கிடாரின் வால்யூம் குமிழ் ஆறிலோ ஏழிலோ இருக்கட்டும். வலது உள்ளங்கையின் ஓரத்தை தந்திகள் கிடாரின் உடலில் ஊன்றும் பிரிட்ஜ் பக்கம் லேசாகச் சாய்த்துத் தந்திகளை அமுக்கிக்கொள்ளுங்கள், பிக்கை அழுத்தாதீர்கள். நடக்கிற தப்பு எப்போதும் ஒன்றுதான், கிடைத்த காலி இடத்தையெல்லாம் நிரப்புவது. ‘கால் மீ தி ப்ரீஸ்’ பாட்டை லினர்ட் ஸ்கினர்ட் என்கிற அமெரிக்க ராக் குழுவினர் 1974-இல் ஐந்து நிமிஷ ராக் பாட்டாக்கினார்கள். பிரமாதமான வாசிப்பு, மறுக்க முடியாது. ஆனால் மூச்சு விட இடமே இல்லை.

அடுத்தது வால்யூம். கேலைப் பிடிக்காதவர்கள் பெரும்பாலும் அவரைப் பின்னணிச் சங்கீதமாகச் சின்னச் சத்தத்தில் ஓட விட்டவர்கள். சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு பேஸ்தான் முதலில் காணாமல் போகும். கேல் பாட்டில் நடை முழுக்க பேஸிலும் (அடி ஸ்தாயி ஒலி) காலால் அடிக்கிற கிக் டிரம்மிலும் இருக்கிறது. அது போனால் மிச்சம் முணுமுணுப்புதான், கொட்டாவி வராமல் என்ன செய்யும்? போன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஒன்றும் வராது. காரும் சரிப்படாது, டயர் இரைச்சல் பேஸை விழுங்கிவிடும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டிய அளவுக்கு வால்யூமை ஏற்றுங்கள். பழைய ஆம்ப்ளிஃபையரில் பேஸைத் தூக்கிக் கொடுக்கிற லவுட்னஸ் பட்டன் இருந்தால், மெதுவாகக் கேட்கும்போது அதைப் போடலாம்.

இனி என் எரிச்சல். குரல்! மனிதர் தன் குரலை இசைக்கு அடியில் கொண்டுபோய்ப் புதைத்து வைக்கிறார். ஸ்டுடியோவில் இன்ஜினீயராக வேலை பார்த்தவர், தெரிந்தேதான் செய்திருக்கிறார். குரலும் ஒரு வாத்தியம், மற்றவற்றோடு வரிசையில் நிற்கட்டும் என்ற எண்ணம். கொள்கை சரி, வரி காதில் விழ வேண்டாமா? குரல் முன்னால் நிற்கிற சினிமாப் பாட்டு மிக்ஸிங்கில் வளர்ந்த காதுக்கு இது தண்டனை. ஈக்வலைசரில் 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றினால் குரல் கொஞ்சம் வெளியே வரும். கூடவே கிடாரும் வரும், இரண்டும் குடியிருப்பது அந்த வட்டாரத்தில்தான். அதற்கு மேல் ஏற்றினால் டிரம்ஸின் ஜோடித் தட்டான ஹை-ஹாட் காதைக் குத்தும். ஆக, தீர்வு கிடையாது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கிளாப்டனோடு சேர்ந்து 2006-இல் செய்த ‘தி ரோட் டு எஸ்கோண்டிடோ’வில் குரல் பளிச்சென்று கேட்கிறது. கிராமி விருதும் வாங்கியது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்த ஆல்பத்தை எடுத்துப் போடக் கை போவதில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

ஃபேட்-அவுட், அதாவது பாட்டு முடியாமலே மெல்ல மங்கிப்போவது, தனித் தொல்லை. சோலோ சூடு பிடிக்கும்போது சத்தம் இறங்கத் தொடங்கிவிடும். ‘நேச்சுரலி’யில் பன்னிரண்டு பாட்டும் சேர்ந்தே சுமார் 32 நிமிஷம்தான்.

வாங்குவதானால் ‘ட்ரூபடோர்’, 1976. ‘கொகெய்ன்’ அதில்தான் இருக்கிறது, அடுத்த வருஷம் கிளாப்டன் அதை ஊரறியச் செய்தார். ‘டிராவலின் லைட்’டில் வைப்ரஃபோன் (உலோகத் தகடுகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) துள்ளுவதைக் கேட்டால் தூக்கம் என்ற பேச்சே எழாது. பிறகு ‘நேச்சுரலி’. எண்பதுகளின் ஆல்பங்களைக் காசு கொடுக்காமல் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் சொல்ல எனக்கே சிரமம். மொத்தத்தில் கேலுக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், குரலுக்காகவே இரண்டைப் பிடித்துக்கொள்கிறேன். பழைய எல்பி மலிவாக வந்தாலும் யோசியுங்கள். ‘மேக்னோலியா’ மாதிரி அடங்கி ஒலிக்கும் பாட்டில் கீறல் சத்தம் கேலின் குரலைவிடத் தெளிவாகக் கேட்கும். சிடி போதும்.