சத்துப் பாணியா, விற்றமின் ஏ-யா, சூடை மீனா?

திருகோணமலையில் எனக்குத் தெரிந்த ஒரு தாய், எச்.ஐ.வி. உள்ள பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்தைச் 'சத்துக்குளிசை' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். அக்கம்பக்கத்து வாய்க்குப் பயந்த ஏற்பாடு. நான் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் பாமசியில் வாங்கிய சத்துப் பாணியும் அதே அலுமாரியில் இருந்தால் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றைக் குடித்தால் மற்றதை விடலாம் என்று நினைக்கும். எச்.ஐ.வி. வைரஸை அடக்குவது அந்தக் குளிசை, அதாவது ஏ.ஆர்.வி. மருந்து மட்டுமே. நான் இங்கே ஒப்பிடும் சத்துப் பாணி, விற்றமின் ஏ, சாப்பாடு எல்லாம் அதற்குத் துணை.

விற்றமின் ஏ-க்குத்தான் சான்று கனம். தன்சானியாவில் நியூமோனியாவோடு வார்ட்டில் இருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் (1999), எச்.ஐ.வி. உள்ளவர்களின் இறப்பு 63 சதவீதம் குறைந்தது. சரி, அது அங்கே ஏ.ஆர்.வி. எட்டாத காலம், இன்று அவ்வளவு பலன் எதிர்பார்க்க முடியாது. என்றாலும் 6 மாதம் முதல் 5 வயது வரை கிளினிக்கில் இலவசமாகக் கிடைப்பதை ஏன் தவறவிட வேண்டும்? அது போதாதென்று வீட்டிலும் மீன் ஈரல் எண்ணெய் ஊற்றாதீர்கள், விற்றமின் ஏ ஈரலில் தேங்கிவிடும்.

பாணிக்கு இந்தக் கனம் இல்லை. உகண்டாவில் எச்.ஐ.வி. உள்ள 1 முதல் 5 வயதுப் பிள்ளைகள் 847 பேரில் ஒரு பாதிக்கு 14 சத்துகளை நாளாந்தத் தேவையின் இருமடங்காகவும், மறு பாதிக்கு 6 விற்றமின்களை வழமையான அளவிலும் கொடுத்தார்கள். இறப்பில் வித்தியாசமே இல்லை. 'இரட்டைச் சக்தி' என்று போத்தலில் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். வயிற்றோட்டத்துக்குச் சிங்க் கொடுப்பது வேறு கதை, அதை டொக்டரே எழுதித் தருவார்.

என் வாக்கு சாப்பாட்டுக்குத்தான். நோய்க்குறி இல்லாத எச்.ஐ.வி. பிள்ளைக்கே 10 சதவீதம் கூடுதல் சக்தி தேவை. மெலிந்துகொண்டு போகும் பிள்ளைக்கு 50 முதல் 100 சதவீதம் வரை. அதைக் கரண்டிப் பாணி தராது. சூடை மீன், முட்டை, பப்பாசி, திரிபோஷா சத்துமா, அப்புறம் முருங்கையிலை வறை. வறைக்குத் தேங்காய்ப்பூ தாராளமாகப் போடுங்கள். இலையிலுள்ள கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும்.

பாணி கொடுத்தே ஆகவேண்டும் என்றால் லேபிளைப் பாருங்கள். அதில் இரும்பு, கல்சியம், சிங்க் இருந்து, பிள்ளை குடிப்பது டொலுட்டெகிரவிர் என்ற ஏ.ஆர்.வி. மருந்து என்றால், வெறும் வயிற்றில் இரண்டும் சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. பாணிக்கு 2 மணித்தியாலம் முந்தியோ 6 மணித்தியாலம் பிந்தியோ மருந்து கொடுக்க வேண்டும். இல்லையேல் இரண்டையும் சாப்பாட்டோடு கொடுக்கலாம். அந்தத் தாய் இப்போது காலையில் குளிசை கொடுக்கிறார். பாணி, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு. போத்தலும் வேறு தட்டுக்குப் போய்விட்டது.